மலர்க்கொடி கேட்ட மஞ்சள் தூள்

பூதலூரிலிருந்து நாலு ஊர் தள்ளிப் போய்க் கேட்டாலும் மலர்க்கொடி வைக்கிற மீன் குழம்பைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குழம்பை அவள் நாக்கில் வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது என்பதையும் சொல்வார்கள். ஏன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

குழம்பு கொதித்து வரும்போது சட்டிக்கு மேலே குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள். "உப்புப் பத்தல" என்பாள். கொஞ்சம் போடுவாள், மறுபடி முகர்வாள், "ம்" என்று இறக்கி வைத்துவிடுவாள். உப்புக்கு ஏது வாசனை என்று என்னைக் கேட்காதீர்கள், அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் புருஷன் வைரக்கண்ணு கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டான். "வயித்துக்கு ஒத்துக்கல" என்று ஊருக்குச் சொன்ன பதிலைத்தான் அவனுக்கும் சொன்னாள்.

உண்மை வேறு. மகன் வளவனுக்கு அப்போது ஆறு வயது. புது ஆற்றில் தண்ணீர் விட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. கல்லணையிலிருந்து வரும் கால்வாயைத்தான் அந்தப் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். புதுத் தண்ணீரோடு கெண்டையும் கெளுத்தியும் ஏறி வரும். நாற்றுப் பறிக்கப் போன இடத்தில் மலர்க்கொடி பக்கத்தில் நின்றவளிடம், "ரெண்டு கெண்ட கெடச்சா இன்னிக்குச் சோறு எறங்கும்" என்று நாக்கு ஊறச் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்திருந்த பையன் அதைக் கேட்டான். அம்மாவுக்கு மீன் பிடிக்க அவளுடைய பழைய துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான்.

தண்ணீர் அடித்துக்கொண்டு போனவனை மதகுப் பக்கம் யாரோ இழுத்துப் போட்டார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். மலர்க்கொடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கால்களில் நாற்றங்கால் சேறு காய்ந்து பொருக்காடிக் கிடந்தது. புன்னைநல்லூர் அம்மன் கோயில் இருக்கும் திசை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா, என் புள்ளையக் குடு. எந்த நாக்கு மீனு கேட்டுச்சோ, அந்த நாக்குல இனிமே மீனு படாது. பட்டா நீ கொடுத்தத நீயே எடுத்துக்க."

கொஞ்ச நேரத்தில் பையன் கண்ணைத் திறந்தான்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிதம் போய்விடும் என்று அவள் ஆயி சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. மீன் குழம்புக்கு ஒரு அகப்பை, மற்றதுக்கு ஒரு அகப்பை. மீன் கழுவிய கையைப் புளியும் மஞ்சளும் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பாள். "பட்டா நீயே எடுத்துக்க" என்று வாயை விட்டுவிட்டாளே, அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைத் தின்றது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லியாகிவிட்டது, சாமி காதில் விழுந்தாகிவிட்டது.

பையன் படித்தான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் முடித்து, மாட்டு டாக்டராகி, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் பறந்தான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரை மலர்க்கொடிக்குச் சோறு இறங்காது. வைரக்கண்ணு கேலி செய்வான். "டாக்டரப் பெத்துட்டு இப்பிடித் தொட நடுங்கியா இருக்கியே" என்பான். அவனுக்கென்ன, அவன் நாக்கா அடகில் கிடந்தது?

ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண் கயல்விழி, கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வளவன் சொன்னான்.

"அம்மா, இன்னிக்கு டவுன்ல ஒரு எடத்துல சாப்புடுறோம். கயலும் வருது. நீ பயப்படாம சாப்புடலாம். கறி, மீனு, முட்டை, பாலு எதுவுமே கெடையாது."

"பாலுமா கெடையாது? என்ன கடைடா அது, பத்தியக் கடையா?"

"சுஷின்னு ஜப்பான்காரன் சாப்பாடு. அவன் மீன்ல செய்யறத இவங்க காய்ல செய்யறாங்க."

மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரிகிற குடியிருப்புத் தெரு ஒன்றில், யாரோ குடியிருந்த வீட்டின் முன் சுவரை இடித்து அந்த உணவகத்தைப் போட்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகளும் கண்ணாடி போட்ட டாக்டர்களும் குச்சி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நுழைந்ததும் மலர்க்கொடி பார்த்தது சுவரை. சுவர் முழுக்க ஒரு பெரிய மீன் சிரித்துக்கொண்டிருந்தது. மீனே இல்லாத கடையில் மீனுக்கு என்ன வேலை என்று அவளுக்குச் சுருக்கென்றது. "தப்பிச்ச சந்தோசத்துல சிரிக்குது அத்தை" என்றாள் கயல்விழி. மலர்க்கொடி மருமகளுக்காகச் சிரித்து வைத்தாள்.

தட்டு வந்தது. கவுனி அரிசிச் சோற்றைக் கட்டை விரல் அளவு உருட்டி, மேலே சிவப்பாக ஒரு துண்டு வைத்திருந்தார்கள். வெட்டின மீன் சதை போலவே வரி வரியாக, எண்ணெய் மினுமினுப்போடு கிடந்தது. மலர்க்கொடி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர்பூசணிம்மா" என்றான் வளவன். "ஊற வெச்சு அடுப்புல வாட்டுனது. மோந்து பாரு, அதுல ஒண்ணும் தப்பில்ல."

முகர்ந்தாள். மீன் இல்லை. வாயில் போட்டாள். புளிப்பும் உப்புமாக என்னவோ போல இருந்தாலும் மோசமில்லை. அடுத்து வாழைப்பூ வறுத்து வைத்த உருண்டை வந்தது. அது நன்றாகவே இருந்தது. இருபது வருஷமாகக் கல்யாண வீட்டிலும் ஓட்டலிலும் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்த பொம்பிளை, முதல் தடவையாக வெளியிடத்தில் ரெண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் வளவனுக்கு போன் வந்தது. சூரக்கோட்டைப் பக்கம் ஒரு மாடு கன்று போட முடியாமல் திணறுகிறது, கன்றின் தலை திரும்பிக் கிடக்கிறது. அவன் எழுந்து சாவியை எடுத்தான்.

"நீங்க சாப்புடுங்க. நான் போயிட்டு ஓடியாந்துடுறேன்."

"ஆத்துக்கரையில போவாதடா. ரோட்டோட போ."

"கரைதாம்மா குறுக்கு. மாடு செத்துப் போயிடும்."

"தண்ணி விட்டுருக்கானுவ. கரையெல்லாம் வழுக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை மலர்க்கொடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"இது சாப்பிட்டுப் பாருங்க அத்தை. இங்க இதுதான் ஸ்பெஷல்" என்று கயல்விழி ஒரு உருளையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். கறுப்புத் தாள் போல ஒன்றைச் சுற்றி, உள்ளே சோறும் வெள்ளரிக்காயும் மாங்காயும் வைத்திருந்தார்கள். மனசெல்லாம் மகன் போன வழியிலேயே இருந்ததால், மலர்க்கொடி இந்தத் தடவை முகர்ந்து பார்க்கவில்லை. அப்படியே வாயில் போட்டுக் கடித்தாள்.

கருவாடு.

வாயெல்லாம் கடல் வாடை ஏறியது. சந்தைக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவாளே அந்த வாடை, அது நாக்கின் மேலேயே இருந்தது. பாதி விழுங்கியாகிவிட்டது. மீதியைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருங்கால மருமகள் எதிரே உட்கார்ந்து ஆசையாக முகத்தைப் பார்க்கிறது.

"எப்படி இருக்கு அத்தை?"

மலர்க்கொடி முந்தானையில் வாயைத் துடைக்கிற சாக்கில் மீதியைத் துப்பிச் சுருட்டிக்கொண்டாள். "இதுல மீனு இருக்கா?" என்றாள்.

"ஐயோ இல்லீங்க அத்தை. அந்தக் கறுப்பா இருக்கறது கடல்பாசி."

அங்கேதான் வினையே வந்தது. கடல்பாசி என்றால் மலர்க்கொடிக்குத் தெரியாதா? ரம்ஜானுக்கு ரம்ஜான் துணிக்கடை பாய் வீட்டிலிருந்து கிண்ணம் நிறைய வரும். ஒரு தடவை அந்த வீட்டு அம்மாவே காய்ச்சிக் காட்டியிருக்கிறாள். வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இருக்கும், தண்ணீரில் கரையும், பாலும் சீனியும் சேர்த்து ஊற்றினால் உறைந்து வழவழவென்று வரும். ஒரு பொட்டு வாடை இருக்காது. இது கறுப்பு. இது நாறுகிறது. இந்தப் பெண் பொய் சொல்கிறது. தெரியாமல் மீனைக் கொடுத்துவிட்டு, மாமியார் பயந்துபோவாள் என்று மழுப்புகிறது. ஒரு விஷயம் தெரியாதவளைத் திருத்தலாம், அரைகுறையாகத் தெரிந்தவளை என்ன செய்வது?

"அவனுக்குப் போன் போடும்மா" என்றாள்.

"இப்பதான அத்தை போனாரு..."

"போடு."

கயல்விழி போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. மலர்க்கொடியின் கண்ணுக்கு முன்னால் புது ஆறு நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் வண்டி கிடந்தது, ஆளைக் காணவில்லை. பட்டா நீயே எடுத்துக்க என்று சொன்னது அவள்தானே. சாமி குற்றமில்லை. சாமி இருபது வருஷம் பொறுத்துக்கொண்டு காவல் இருந்தது. அவள்தான் வாயைத் திறந்தாள். அன்றைக்கும் இந்த நாக்கு, இன்றைக்கும் இந்த நாக்கு.

எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்தாள். விரலை விட்டு ஓங்கரித்தாள். கண்ணீர்தான் வந்தது, உள்ளே போனது வரவில்லை. பின்னாலேயே வந்த கயல்விழி முதுகை நீவிவிட்டாள். "என்ன அத்தை பண்ணுது? ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, போயிடலாமா?" என்றாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் மலர்க்கொடிக்கு அந்தப் பழைய கட்டில் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நேராகச் சமையலறை வாசலுக்குப் போனாள்.

உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன் சோற்றை விசிறிக்கொண்டு நின்றான். கடைக்காரனும் அவன்தான், சமையல்காரனும் அவன்தான். பெயர் ஜாபிர், அதிராம்பட்டினத்துக்காரன்.

"தம்பி, கொஞ்சம் மஞ்சத்தூள் குடுங்க."

கையை அறுத்துக்கொண்டாளோ என்று பதறிப்போய் அவன் டப்பாவை எடுத்து வந்தான். மலர்க்கொடி கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் தூளைக் கொட்டிப் பிசைந்தாள். துணி மஞ்சளானது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அதில் வைத்து முடிந்தாள். முடிச்சு ரெண்டு தரம் நழுவிற்று. "ஆத்தா, தெரியாமத் தின்னுட்டேன். என்ன எடுத்துக்க, அவன விட்டுடு" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் தரம் இறுக்கினாள். காசு முடிகிறவளை ஜாபிர் பார்த்துக்கொண்டு நின்றான். எந்த ஊராக இருந்தால் என்ன, பிள்ளைக்காகக் காசு முடிகிற முகம் அவனுக்குத் தெரியாதா?

"அம்மா, மீனுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றான்.

அவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கறுப்புத் தாள் ஒன்றை அவள் கையில் கொடுத்தான். "இதாம்மா அது. கடல்ல மொளைக்கிற பாசி. அப்பளம் மாதிரி தட்டிக் காய வெக்கிறாங்க. மோந்து பாருங்க."

முகர்ந்தாள். அதே வாடை.

"கடப்பாசி வெள்ளையால்ல இருக்கும்?"

"நோம்புக்கு நம்ம வீட்ல காய்ச்சுறது வேற பாசிம்மா. கீரையில எத்தனை இருக்கு, அது மாதிரி. சிங்கப்பூர்ல சுஷிக் கடையில மீன் வெட்டிக்கிட்டிருந்தவன் நான். எனக்கு மீன் தெரியாதா? இந்த அடுப்படிக்குள்ள ஒரு செதில் கெடையாது. நீங்களே எல்லாத்தையும் தொறந்து பாருங்க."

அவள் திறந்தே பார்த்தாள். வெட்கப்படுகிற நிலையில் அவள் இல்லை. குளிர்ப்பெட்டியில் மாங்காய், வாழைப்பூ, பலாக்காய். கத்தியை எடுத்து முகர்ந்தாள், பலகையை முகர்ந்தாள். மீன் இல்லை என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மீன் நீந்துகிற தண்ணீரில்தானே இந்தப் பாசியும் கிடந்தது, அந்த வாடைதானே இதில் ஏறியிருக்கிறது? மீன் பட்ட அகப்பையே ஆகாது என்று ஒதுக்கி வைத்தவளுக்கு இது ஆகுமா? சாமிக் கணக்கில் இது மீனா, கீரையா? யாரிடம் போய்க் கேட்பது? கயல்விழி மூன்றாவது தடவை போட்ட போனும் அடித்து நின்றது.

வாசலில் போட்டிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கயல்விழி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நல்ல சேலை கட்டி வந்த பெண், அழுக்குப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பயம் ஒட்டுவாரொட்டி அல்லவா, அதன் முகமும் வெளுத்திருந்தது. தெருமுனையில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் மலர்க்கொடி பாதி எழுந்து உட்கார்ந்தாள். பால்காரன் வந்தான். படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். ஒரு ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் அலறிக்கொண்டு போனது. அவள் முடிச்சை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

பிறகு அந்த வண்டி வந்தது. சத்தத்திலேயே தெரிந்தது.

சட்டையெல்லாம் நனைந்து, முழங்கை வரை சாண வாடையும் மருந்து வாடையுமாக வளவன் இறங்கினான். "கெடேரிக் கன்னும்மா! உசுரோட எடுத்துட்டேன்" என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். "என்னம்மா?"

"ஏண்டா போன எடுக்கல?"

"கை மாட்டுக்குள்ள இருந்துச்சும்மா."

அவள் வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. கயல்விழி நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த வளவனின் கண் அந்த மஞ்சள் முடிச்சில் போய் நின்றது. மெல்ல அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எந்த நாக்கு மீனு கேட்டுச்சோ அந்த நாக்குல மீனு படாதுன்னு சொன்னது. அதனாலதான இந்தக் கடைக்குக் கூட்டியாந்தேன். நீ ஆவிய மோந்து மோந்து பாக்கறத எத்தன வருசந்தான் நானும் பாக்கறது?"

மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா ஒனக்கு? உங்கப்பாவுக்கே தெரியாதே."

"நீதான் சொன்ன. கட்டிலுக்குக் கீழ ஒக்காந்து சொன்ன."

"நீ நெனவு இல்லாமல்ல கெடந்த?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டான். "முழிச்சுட்டேன்மா. கண்ணத்தான் தொறக்கல. தொறந்தா அடிப்பியோன்னு பயந்துக்கிட்டுப் படுத்திருந்தேன்."

மலர்க்கொடி கையை ஓங்கி அவன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். உள்ளே குச்சி பிடித்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் விழுந்திருக்க வேண்டிய அடி அது, இத்தனை வருஷம் தள்ளிப்போய் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் விழுந்தது. அடித்த கையாலேயே அவன் ஈரச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி முழிச்சியா, சொன்ன பெறவு முழிச்சியா? சொல்லுடா."

"தெரியலம்மா. உன் கொரலுதான் மொதல்ல கேட்டுச்சு."

அது போதவில்லை அவளுக்கு. இருந்தாலும் அதற்கு மேல் அவனிடமும் ஒன்றுமில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஜாபிர் யாரும் கேட்காமலே ஒரு புதுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"போதும்மா" என்றான் வளவன். "நாளைக்கு ஒரு நல்ல வெரால் வாங்கியாரேன். கொழம்பு வெச்சு நீயும் சாப்புடு."

விரால் என்றதும் மலர்க்கொடியின் நாக்கு ஊறியது. சத்தியமாக ஊறியது. ஊறியதை உணர்ந்ததும், அன்றைய பயத்தையெல்லாம் மிஞ்சிய பயம் ஒன்று அவளை உலுக்கியது. மடியில் கிடந்த முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ஆத்துக்கரையில போவ மாட்டேன்னு நீ சொல்லு. நான் மீனு சாப்புடுறேன்."

வளவன் வாயைத் திறந்தான். அவன் வைத்தியம் பார்க்கிற மாட்டில் பாதி அந்தக் கரையில்தான் நிற்கிறது. கயல்விழியைப் பார்த்தான். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அதான்" என்றாள் மலர்க்கொடி.

தட்டிலிருந்து கறுப்புத் தாள் சுற்றிய உருளை ஒன்றை எடுத்தாள். நன்றாக முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, கடல் வாசனையை மெதுவாக மென்றாள். இன்னொரு கை முடிச்சை விடவில்லை.